ஐயனார் கோயிலுக்கு ஒரு பெட்டி மின்சாரம்

எதையும் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். எறையூர்ப் பக்கம் சர்க்கரை ஆலையில், கரும்பு வண்டிகள் வந்து ஏறும் எடைமேடையில் உட்கார்ந்தே என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று வேலை என்பது கையில் ஊறிப்போன தீர்ப்பு. மிக்சி வாங்கப் போனாலும் மின்விசிறி வாங்கப் போனாலும், கடைக்காரர் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். பெண் பார்க்க வந்த அன்று தன்னைத் தூக்கிப் பார்க்காமல் விட்டதுதான் ஆச்சரியம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவன் ஒரு லித்தியம் பேட்டரி வாங்க வேண்டி வந்தது.

தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வரும். திருச்சியில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்து ஒரு மெஷின் எழுதிக்கொடுத்தார். மூக்கை மூடி ஒரு மாஸ்க், மாஸ்கிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் பழைய ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி. அது காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் மூச்சு நிற்காது, குறட்டையும் வராது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு படுத்தவனைப் பார்த்து என் மனைவி, "புள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரம்பலூரில் எங்கள் வீட்டில் கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் வீட்டில் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஐயனார் கோயிலில்தான்.

எங்கள் குலதெய்வமான ஐயனார், மீன்சுருட்டியிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை பங்காளிகள் எல்லோரும் குடும்பத்தோடு அங்கே கூடுவோம். மதியம் போய்ச் சேர்ந்து, பொழுது சாயும்போது விளக்கேற்றி, ராத்திரி அங்கேயே தார்ப்பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் வீட்டுக்கு ஒரு பானை என்று பொங்கல் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விளக்கேற்றிய பிறகு, பொங்கல் பொங்கும் வரைக்கும் யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கோயிலுக்கு மின்சாரம் கிடையாது. கம்பம் போட எழுதிக்கொடுக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால், ஐயனாருக்கு எண்ணெய் விளக்குதான் பிடிக்கும் என்று இன்னொருவர் முடித்துவிடுவார். ஜெனரேட்டர் சத்தம் சாமிக்கு ஆகாது என்பதும் எப்போதோ பேசி முடித்த விஷயம். இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் கூடாரமும் பையுமாகக் காட்டுக்குள் தங்கப் போகிறார்கள். எங்கள் சனம் இதை அப்பன் பாட்டன் காலத்திலிருந்து செய்துவருகிறது. அதற்குக் கேம்பிங் என்று பெயர் வைக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

என் மனைவி ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரி. வாழ வந்த இடத்தில் அவளுக்கு எதெல்லாம் பிடித்தது என்று கேட்டால் அந்த ஒரு ராத்திரியைத்தான் முதலில் சொல்வாள். தார்ப்பாய் ஒன்றுதான். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் வயதான தம்பதிகள் எல்லைக் காவல். ஓரகத்திகள் எல்லோரும் வரிசையாகப் படுத்துக்கொண்டு, எங்கள் வம்சத்து ஆண்களை ஒவ்வொருவராக எடுத்துப் பேசிச் சிரிப்பார்கள். என் முறை வரும்போது சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். அவளுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள்.

அப்படிப்பட்டவள் இரண்டு வருடங்களாகக் கோயிலுக்கு வரவில்லை. மெஷின் வந்த வருடம், ஒரு ராத்திரிதானே என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்வந்தோம். அடுத்த வருடம் அவளுக்கு முட்டிவலி வந்தது. அதற்கடுத்த வருடம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவள் வராததால் நானும் போகவில்லை. முட்டிவலிக்காரி அதே வாரத்தில் திருச்சி புடவைக்கடையில் மூன்று மாடியும் ஏறி இறங்கினாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இந்த வருடம் என் அண்ணி, அதாவது பெரிய அண்ணன் மனைவி, போனில் அழைத்து, "இந்தத் தடவையும் வரலைன்னா வேன் எடுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றார். போனை வைத்துவிட்டு என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"போவோங்க. ஆனா மெஷின எடுத்துட்டுத்தான் போகணும். அது ஓடாத எடத்துல நான் தங்க மாட்டேன்."

"அங்க கரண்டு ஏது?"

"கரண்டையும் எடுத்துட்டுப் போவோம்."

சென்னையில் இருக்கும் மகனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவன் வரிசையாக வீடியோக்கள் அனுப்பினான். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர் பனிமலையில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து, ஒரு பெட்டியில் வயரைச் செருகிக் காப்பி போட்டுக் குடித்தார். அவரிடம் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான், அவர் குறட்டை விடுவாரா என்பது. அதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஒருநாள் காலையில் பெரம்பலூர் டவுனில் ஓர் இன்வெர்ட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி. விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டைக் காட்டினார். ஒன்று வழக்கமான பெரிய பேட்டரி, இன்வெர்ட்டரோடு. இன்னொன்று கைப்பிடி வைத்த லித்தியம் பெட்டி. நான் முதலில் பெரிய பேட்டரியைத் தூக்கினேன். தரையை விட்டு வரவில்லை. உடனே அதன்மேல் மரியாதை வந்தது. லித்தியம் பெட்டி டிபன் கேரியர் மாதிரி ஒற்றைக் கையில் எழும்பி வந்தது.

"தம்பி, இதுக்குள்ள ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாம் இருக்குங்கய்யா. லித்தியம்னாலே லேசாத்தான் இருக்கும்."

"தண்ணி எங்க ஊத்துறது?"

"தண்ணியே ஊத்த வேண்டாங்க."

தண்ணீர் கேட்காத பேட்டரியை எப்படி நம்புவது என்று நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பி பொறுமைசாலி. பெரிய பேட்டரியை மண்பாதையில் வேனில் கொண்டுபோனால் ஆசிட் தளும்பும் என்றார். அதில் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும், லித்தியம் அப்படியில்லை, கிட்டத்தட்ட அடிவரைக்கும் எடுக்கலாம் என்றார்.

"வூட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்லங்க, அது மாதிரிதான். தொட்டி எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு. குழாய் எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு. உங்க மெஷினுக்குக் குழாய் சின்னதா இருந்தாப் போதும். தொட்டிதான் விடிய விடிய வரணும். எவ்வளவு நேரம் ஓடணுங்கய்யா?"

"ஒரு ஆறு மணி நேரம் ஓடுனாப் போதும்."

"இவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள் என் மனைவி. "சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள கண்ணு சொருகிடும். வெயில் மூஞ்சில அடிச்சாத்தான் முழிப்பாரு. விடிஞ்ச பெறகும் கொஞ்சம் மீதி இருக்கணும் தம்பி."

பிறகு, பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, கடைக்காரரிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒரு வருஷம் மெஷின் இல்லாம கோயிலுக்குப் போயிட்டோம். இவரு பாட்டுக்குத் தூங்கிட்டாரு. மூச்சு நின்னுரும். நான் தட்டுவேன். வரும். மறுபடி நின்னுரும். எல்லாரும் தூங்குறாங்க, நான் மட்டும் எந்திரிச்சு வந்து இவரு மாருல கைய வெச்சிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். அதுலேருந்து அந்தக் கோயிலுக்குப் போகவே எனக்குப் பயம்."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த முட்டிவலி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அந்தக் கடையில் வைத்துத்தான் தெரிந்தது. அந்த வருடம் கோயிலில் விடிந்தபோது அவள் கண் சிவந்திருந்ததை அடுப்புப் புகை என்று நினைத்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அவளுக்கு அந்த ராத்திரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அவள் அவ்வளவு சுலபத்தில் வாங்கிவிடுகிறவள் அல்ல. கட்டைப் பையிலிருந்து என் மெஷினை வெளியே எடுத்தாள். போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்பது அவள் பிறந்த வீட்டுக் கொள்கை. கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மாஸ்கை மாட்டி, வயரை லித்தியம் பெட்டியில் செருகச் சொன்னாள். "சும்மா கொஞ்ச நேரம் மூச்சு விடுங்க" என்றாள். நான் விட்டேன். அந்தக் காற்றுக்கு என் உடம்பு எவ்வளவு பழகியிருந்ததோ, கண்ணைத் திறந்தபோது பக்கத்துக் கடை ஆட்கள் டீ கிளாஸோடு என்னைச் சுற்றி நின்றார்கள். என் மனைவி கடைக்காரரின் தங்கைக்கு வரன் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டியில் சார்ஜ் எவ்வளவு மீதி என்று காட்டும் எண் லேசாகத்தான் இறங்கியிருந்தது.

"பாத்தியா தம்பி, எவ்வளவு அருமையா தூங்குறாரு" என்றாள், பெட்டிக்கே நற்சான்று கொடுப்பதுபோல. லித்தியம் பெட்டி பல அளவுகளில் இருந்தது, நான் சின்னதைக் காட்டினேன். அவள் அதற்கு அடுத்த பெரிய அளவை எடுத்தாள். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் பகுதியை நிறுத்திவிட்டால் நிறைய மிச்சமாகும், பிளக்கில் செருகாமல் மெஷினுக்கு நேராகப் போகும் ஒயரைப் போட்டால் இன்னும் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மெஷின் விஷயம் பங்காளிகளுக்குத் தெரியக் கூடாது. எங்கள் வம்சத்து வாய் அப்படி. என் சித்தப்பா ஒருவர் ஒரே ஒரு தடவை கிணற்றில் வாளியைத் தவறவிட்டார். அவர் பேரப்பிள்ளைகளைக்கூட இன்றும் வாளி வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார்கள். மூக்கில் குழாயோடு படுத்தவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசிக்கவே எனக்குத் தெம்பு இல்லை. வெளிச்சத்துக்காக வாங்கியது என்று சொல்லிவிட்டு, எல்லோரும் அயர்ந்த பிறகு போர்வைக்குள் மாஸ்கை மாட்டிக்கொள்வதாகத் திட்டம். மனைவி கேட்டுக்கொண்டே மெஷினைப் பையில் வைத்தாள். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். தொட்டி எவ்வளவு, குழாய் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எல்லாம். மறந்தது எங்கள் வழக்கத்தை.

புதிதாக எது வாங்கினாலும், டிராக்டரோ தையல் மெஷினோ, ஐயனார் முன்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐயனார் முன்னால் வைத்து எடுத்த பொருள் அன்று முழுக்க எல்லோருக்கும் பொது. யார் கொண்டுவந்த பாயில் யார் படுப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. என்னுடையது என்ற பேச்சு அந்த எல்லைக்கல்லுக்கு உள்ளே எடுபடாது. மதியம் வேனை விட்டு இறங்கியதுமே, பூசை செய்யும் பங்காளி என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "புதுசா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், திருநீறு பூசி, குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தோடு திருப்பித் தந்தார். அதோடு அது ஊர்ச்சொத்து ஆகிவிட்டது.

முதலில் ஒரு போன் வந்தது. அதற்குப் பின்னால் போன்களாக வந்தன. பிறகு ஒரு மருமகள் கைக்குழந்தையோடு வந்து, ஒரு சின்ன மின்விசிறியைச் செருகினாள். பச்சைப்பிள்ளைக்குக் காற்று இல்லை என்று சொல்ல நான் என்ன கல்நெஞ்சனா? என் பெரிய அண்ணன் வந்து, தன் போனைச் செருகியதோடு, "அமோகமா இருக்கு தம்பி" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பெட்டியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நான் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, அடகு வைத்த நகையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அண்ணி வந்தார். கையில் ஒரு மிக்சி. கரண்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பைக்கில் ஆள் அனுப்பி ஊருக்குள்ளிருந்து வரவழைத்திருந்தார்.

"நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. இவ்வளவு தேங்காயையும் அம்மியில எப்படா அரைச்சு முடிப்போம்னு இருந்தேன்."

"அண்ணி, அது வந்து..."

"எது தம்பி?"

"ஒன்னுமில்ல அண்ணி. மூடிய நல்லா அழுத்திப் புடிச்சுக்கங்க."

அண்ணி அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் திருகினார். பெட்டி ஒரு கூச்சல் போட்டு அப்படியே அணைந்துவிட்டது. மின்விசிறி நின்றது. குழந்தை அழ ஆரம்பித்தது. தோப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடா, புதுப் பெட்டி அதுக்குள்ள போயிடுச்சா?" என்றார் அண்ணன். "தூக்கிப் பாக்காம வாங்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏலாக்குறிச்சிக்கு வரும் யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே ஆள் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது, மெதுவாகப் பேசவே வராது.

"மாமா, அது வெளிச்சத்துக்கு வாங்குனது இல்லீங்க. இவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போவுது. அதுக்கு ஒரு மெஷின் இருக்கு, மூக்குல மாட்டிக்கணும். அது ஓடுறதுக்குத்தான் இந்தப் பெட்டி. அது ஓடுனாத்தான் இவரு ஒழுங்கா மூச்சு விடுவாரு. இவரு மூச்சு விட்டாத்தான் நான் தூங்குவேன். ரெண்டு வருஷமா நான் இங்க வராததும் அதுனாலதான். எனக்கு இன்னைக்கு இங்க தூங்கணுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு எறும்பு வரிசையைக் கவனமாகப் பார்த்தேன். முதலில் அண்ணன்தான் போய்த் தன் போன் ஒயரைப் பிடுங்கினார். பின்னாலேயே எல்லா ஒயர்களும் கழன்றன. அண்ணி மிக்சியை ஏதோ திருடின பொருளைப்போல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "புள்ளைக்கு ஃபேன் மட்டும் இருக்கட்டும்க்கா, பொழுது சாஞ்சா காத்து வந்துரும்" என்று என் மனைவியே அதைத் திரும்பச் செருகினாள்.

"இதச் சொல்றதுல என்னடா வெக்கம் ஒனக்கு?" என்றார் அண்ணன். "நீ குறட்டை விடுறது ஜெயங்கொண்டம் வரைக்கும் தெரியும். மெஷின் வெச்சிருக்குறதுதான் தெரியாது."

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வயதான பங்காளி என்னைத் தனியாக மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய், "அந்த மெஷின எந்த டாக்டருப்பா எழுதிக் குடுத்தாரு?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம் நின்று, கேள் கேள் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். தொட்டி பெரியதுதான், மிக்சிக்குத்தான் குழாய் பத்தவில்லை, ஒன்றும் கெட்டுப்போயிருக்காது என்று சொல்லி, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்றும் சொன்னார். பெட்டி உயிர் பெற்றது. ஆனால் பாதிக்குமேல் போயிருந்தது. விடியும்வரை வருமா என்று அவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் மனைவி எண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் பழைய பயம் தெரிந்தது. "பரவாயில்லீங்க, நின்னுச்சுன்னா நான் முழிச்சுப் பாத்துக்குறேன்" என்றாள். எனக்கு அது தாங்கவில்லை.

காரிலிருந்தும் இதை ஏற்றலாம் என்று கடைக்காரர் சொன்னதை அண்ணன் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டார். உடனே பெட்டியைத் தன் காரின் முன்சீட்டில் வைத்து, ஒயரைச் செருகி, வண்டியைக் கிளப்பினார்.

"நின்ன எடத்துலயே ஏறும்ண்ணா, இன்ஜின் ஓடுனாப் போதும்" என்றேன்.

"வண்டி ஓடுனாத்தாண்டா பேட்டரி ஏறும். எனக்குத் தெரியாதா?"

அண்ணனிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் தோப்பைச் சுற்ற ஆரம்பித்தார். கோயிலைச் சுற்றி, முந்திரி மரங்களைச் சுற்றி, சமையல் நடக்கும் இடத்தைச் சுற்றி, மறுபடியும் கோயிலைச் சுற்றி. ஐயனாரின் மண்குதிரைகளுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஹார்ன் அடித்துக் கும்பிட்டார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். அண்ணி, "இத்தன தடவை என்னையச் சுத்தி வந்திருந்தா நான் எப்பவோ வரம் குடுத்திருப்பேன்" என்று சத்தமாகச் சொன்னார். விளக்கேற்றும் நேரம் வந்த பிறகுதான் கார் நின்றது. எண் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் கொஞ்சத்தை அண்ணன் தன் பேரன் வாங்கிய மார்க் போல எல்லோரிடமும் காட்டினார்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் மாஸ்கை மாட்டிக்கொண்டு படுத்தேன், தூங்கிவிட்டேன்.

வெயில் முகத்தில் பட்டு நான் விழித்தபோது மெஷின் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. தார்ப்பாயில் வேறு யாரும் இல்லை, என் மனைவியைத் தவிர. எந்த வருடமும் முதலில் எழுந்து, மற்றவர்களைத் தட்டி எழுப்பி, கல் கூட்டி அடுப்பு வைப்பவள் அவள்தான். இப்போது ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அப்படியொரு தூக்கம். மற்ற வீட்டுப் பானைகளெல்லாம் அடுப்பில் ஏறியிருந்தன. எங்கள் பானை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அண்ணி அவளை எழுப்பக் குனிந்தார்.

"வேண்டாம் அண்ணி" என்றேன்.

"பானை வெக்க வேண்டாமா தம்பி?"

"நான் வெக்கிறேன்."

எங்கள் வம்சத்தில் ஒரு ஆண் பொங்கல் பானை வைத்ததாக யாருக்கும் நினைவில்லை. பானையை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். புகை எல்லாம் என் பக்கமே வந்தது. அண்ணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தீயைக் குறை என்றார் ஒருவர், கூட்டு என்றார் இன்னொருவர், கரண்டியைப் பிடிக்கிறானா கடப்பாறையைப் பிடிக்கிறானா பாருங்கள் என்றார் மூன்றாமவர். எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பேச்சு வளர்ந்தால் அவள் விழித்துவிடுவாள்.

எப்படியோ பானை நுரை கட்டி மேலே எழும்பியது. ஒரு வீட்டுப் பானை பொங்கினால் எல்லா வீட்டுப் பெண்களும் கூடிக் குலவையிட வேண்டும். அண்ணி முன்னால் வந்து, வாய்க்கருகில் கையைக் கொண்டுபோனார்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவா" என்றேன்.

"கொலவைய எப்படித் தம்பி மெதுவாப் போடுறது?" என்று கேட்டவர், நான் பார்த்த பக்கம் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, பின்னால் நின்ற பெண்களுக்கும் வேண்டாம் என்று சைகை காட்டினார். இந்த வருடம் எங்கள் வீட்டுப் பானை சத்தமில்லாமல் பொங்கியது.